டிசபிலிட்டி ஹியரிங்: நீதிபதியின் ஒப்புதல் சதவீதத்தைப் பார்த்து வழக்கை வாபஸ் வாங்கலாமா?

எடிசன்_வாசி:

வணக்கம். தெரிந்த குடும்பத்துக்காகக் கேட்கிறேன். கணவருக்கு வயது 53. கிடங்கில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை பார்த்தார். முதுகுத்தண்டு அறுவை சிகிச்சையால் 2023 ஜனவரி நடுவில் வேலை நின்றது. 2024 மார்ச்சில் எஸ்எஸ்டிஐக்கு (அமெரிக்காவில், வேலை பார்த்து வரி கட்டியவர் இயலாமல் போனால் சோஷியல் செக்யூரிட்டி நிர்வாகம் தரும் மாதத் தொகை) விண்ணப்பித்தார். முதல் கட்டத்திலும் மறுபரிசீலனையிலும் மறுத்துவிட்டார்கள். இப்போது நீதிபதி முன் நடக்கும் விசாரணைக்கு, அதாவது ஹியரிங்குக்கு, நோட்டீஸ் வந்திருக்கிறது. அந்த நீதிபதியின் பெயரை இணையத்தில் தேடினால் 31 சதவீதம்தான் ஒப்புதல் என்று வருகிறது. அதே அலுவலகத்தில் இன்னொருவருக்கு 70க்கு மேல். "வாபஸ் வாங்கிவிட்டுப் புதிதாகப் போடுங்கள், வேறு நீதிபதி வருவார்" என்று வாட்ஸ்அப் குழுவில் சொல்கிறார்கள். வேறு ஊருக்கு முகவரியை மாற்றச் சொல்பவர்களும் உண்டு. இதில் எது சரி? அவருக்கு ஆங்கிலம் பேசச் சிரமம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோப்பறை:

வாபஸ் வாங்கவே வேண்டாம். என்ன போகும் என்று அவருடைய தேதிகளை வைத்தே கணக்குப் போடுவோம்.

2023 ஜனவரி நடுவிலிருந்து இயலாமை என்றால், எஸ்எஸ்டிஐயில் முழுதாக ஐந்து மாதம் காத்திருப்புக் காலம். பிப்ரவரி முதல் ஜூன் வரை கழித்தால், உரிமை 2023 ஜூலையில் தொடங்கும். விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதம் வரைதான் பின்தேதியிட்டுத் தருவார்கள். 2024 மார்ச் விண்ணப்பத்துக்கு அந்த எல்லை 2023 மார்ச். ஆகவே ஒரு மாதம்கூடக் கைவிட்டுப் போகாது. மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு 24 மாதம் கழித்து, 2025 ஜூலையில்.

வாபஸ் வாங்கி 2026 ஜனவரியில் புதிதாகப் போட்டால் பின்தேதி எல்லை 2025 ஜனவரியோடு நின்றுவிடும். 18 மாதப் பணம் போயிற்று. மாதம் 1,700 டாலர் என்று வைத்தால் 30,600 டாலர். மெடிகேரும் 2027 ஜனவரிக்குத் தள்ளிப்போகும். அதைவிடப் பெரிய ஆபத்து, ஹியரிங் கோரிக்கையை வாபஸ் வாங்கினால் மறுபரிசீலனையில் வந்த மறுப்பே இறுதி முடிவாகிவிடுவது. "அந்தத் தேதி வரை நீங்கள் இயலாதவர் அல்ல என்று முடிவாகிவிட்டது" என்று புதிய விண்ணப்பத்தில் சொல்ல அவர்களுக்கு வழி திறக்கும். அதன்பின் முதல் கட்டம், மறுபரிசீலனை, ஹியரிங் என்று மொத்த வரிசையிலும் மறுபடி நிற்க வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் அதே நீதிபதி வர வாய்ப்புண்டு. வழக்குகளை முடிந்தவரை சுழற்சி முறையில் ஒதுக்க வேண்டும் என்பது சட்டம்.

முகவரி மாற்றமும் உதவாது. உண்மையிலேயே குடிபெயர்ந்தால் கோப்பு வேறு அலுவலகத்துக்குப் போகும், தேதி தள்ளும். பொய் முகவரி கொடுப்பது மோசடி.

அடுத்து அந்த 31. சோஷியல் செக்யூரிட்டி நிர்வாகமே நீதிபதி வாரியான பட்டியலை வெளியிடுகிறது. மற்ற தளங்கள் அதை எடுத்து நட்சத்திரம் ஒட்டித் தருகின்றன, பல இடங்களில் பழைய ஆண்டுக் கணக்கு. மூலப் பட்டியலில் மொத்த முடிப்புகள், தீர்ப்புகள், ஒப்புதல், மறுப்பு, முழு சாதகம், பகுதி சாதகம் என்று தனித்தனிப் பத்திகள் இருக்கும். மொத்த முடிப்பில் தள்ளுபடிகளும் அடக்கம்: ஹியரிங்குக்கு வராதவர்கள், வாபஸ் வாங்கியவர்கள், காலம் கடந்து வந்தவர்கள். உதாரணத்துக்கு, ஒருவர் 400 வழக்கை முடித்தார், அதில் 80 தள்ளுபடி, 160 ஒப்புதல், 160 மறுப்பு என்று வையுங்கள். 400ஆல் வகுத்தால் 40 சதவீதம், தீர்ப்பு எழுதிய 320ஆல் வகுத்தால் 50. ஹியரிங்குக்குப் போய் உட்காரப்போகிறவருக்குப் பொருந்துவது இரண்டாவது எண்தான்.

மாதத்தையும் பாருங்கள். அவர்களுடைய நிதியாண்டு அக்டோபரில் தொடங்குகிறது, பட்டியல் அங்கிருந்து கூட்டிக்கொண்டே வரும். நவம்பரில் பார்த்தால் ஒரு நீதிபதிக்கு இருபது முப்பது தீர்ப்புகள்தான் இருக்கும், நான்கு வழக்கு மாறினாலே சதவீதம் தலைகீழாகும். முந்தைய இரண்டு மூன்று முழு ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள். பகுதி சாதகமும் ஒப்புதலாகத்தான் எண்ணப்படுகிறது. இயலாமைத் தேதியைத் தள்ளிப் போட்டு ஒரு ஆண்டுப் பணத்தை வெட்டிய தீர்ப்பும் அந்தப் பத்தியில்தான் இருக்கும்.

ராலே_மாணிக்கம்:

கோப்பறை சொன்ன வகுத்தல் சரி. ஆனால் "எண்ணைப் பார்க்காதே" என்ற முடிவுக்குப் போய்விட வேண்டாம். ஒரே சட்டம், இயலாமையை முடிவு செய்ய ஒரே ஐந்து படிப் பரிசோதனை, சுழற்சியில் வரும் வழக்குகள். அப்படியிருந்தும் சில நீதிபதிகள் 20க்குக் கீழே, சிலர் 80க்கு மேலே. ஒரே அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து அறையில் இருப்பவர்களுக்குள் இவ்வளவு இடைவெளி என்றால் வழக்குகளின் தன்மை மட்டும் அதற்குக் காரணமாக முடியாது. ஒரு குடும்பத்தின் வாடகையும் மருந்தும் யாருடைய மேசைக்குக் கோப்பு போகிறது என்பதைப் பொறுத்திருப்பது அநீதி, அதை அநீதி என்றே சொல்ல வேண்டும்.

இரு முனையிலும் பதிவான வழக்குகள் உண்டு. நியூயார்க் குவீன்ஸ் அலுவலகத்தின் ஐந்து நீதிபதிகள் மனுதாரர்களுக்கு எதிராகச் சாய்ந்து நடந்தார்கள் என்று 2011ல் பத்ரோ வழக்கு தொடுக்கப்பட்டது. 2013 உடன்பாட்டில் ஆயிரக்கணக்கானோருக்கு மறுபடி விசாரணை கிடைத்தது. எதிர்முனையில் மேற்கு வர்ஜீனியாவின் ஹண்டிங்டன் அலுவலகம். அங்கே டேவிட் டாகர்ட்டி என்ற நீதிபதி 2010 நிதியாண்டில் 1,284 வழக்குகளை முடித்து நான்கைத் தவிர எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். கென்டக்கி வழக்கறிஞர் எரிக் கானிடம் பணம் வாங்கியது பின்னால் வெளிவந்து, இருவரும் சிறைக்குப் போனார்கள். கடைசியில் அடிபட்டது கானின் கட்சிக்காரர்கள். 1,500 பேருக்கு மேல் அவர்களுடைய பலன் மறுபரிசீலனைக்கு இழுக்கப்பட்டது. அதில் உண்மையாகவே இயலாதவர்கள் எத்தனையோ பேர். ஆகவே "90 சதவீத நீதிபதி வந்தால் அதிர்ஷ்டம்" என்பதும் சரியான பார்வை இல்லை.

கோப்பறை:

இடைவெளி அநீதி என்பதில் மாற்றுக் கருத்து இல்லை, மாணிக்கம் சார். மனுதாரர் கையில் என்ன இருக்கிறது என்பதுதான் என் பேச்சு. குறைந்த சதவீதத்தை மட்டும் காட்டி நீதிபதியை மாற்றச் சொல்ல முடியாது, அது பாரபட்சத்துக்கு ஆதாரமாகாது. குவீன்ஸ் வழக்கிலும் திரும்பத் திரும்ப நடந்த சட்டப் பிழைகளும் மனுதாரர்களை நடத்திய விதமும்தான் எடுபட்டன. நீதிபதியின் நடத்தையில் சாய்வு தெரிந்தால் கிடைக்கும் முதல் சந்தர்ப்பத்திலேயே அவரிடமே ஆட்சேபம் சொல்ல வேண்டும், எழுத்தில் இருந்தால் நல்லது. அவர் விலகாவிட்டால், நிர்வாகத்துக்குள்ளேயே அடுத்த மேல்முறையீட்டு அமைப்பான அப்பீல்ஸ் கவுன்சிலில் எழுப்பலாம். இந்த வழிமுறை நிர்வாகத்தின் 13-1பி என்ற விதிவிளக்கத்தில் இருக்கிறது. விசாரணை முழுக்க ஒலிப்பதிவாகும். அங்கே பேசாமல் இருந்துவிட்டுத் தோற்ற பிறகு சொன்னால் எடுபடுவது கடினம்.

ஒப்புதல் சதவீதத்துக்கு ஒரு நல்ல பயன் உண்டு. 31 சதவீத நீதிபதி எதை வைத்து மறுக்கிறார் என்பது அதே ஊரில் வழக்காடும் வழக்கறிஞருக்குத் தெரியும். ஒருவர் சிகிச்சையில் இடைவெளி இருந்தால் விடமாட்டார், இன்னொருவர் மருத்துவரின் படிவத்தைக் குறிப்புகளோடு வரிக்கு வரி ஒப்பிடுவார். வழக்கறிஞரை நியமிக்கும்போது "இந்த நீதிபதி முன் ஆஜராகியிருக்கிறீர்களா, அவர் எதைக் கேட்பார்?" என்று கேளுங்கள். கட்டணம் பொதுவாக நிலுவைப் பணத்தில் 25 சதவீதம் அல்லது 9,200 டாலர், எது குறைவோ அது. 2024 நவம்பர் இறுதியிலிருந்து இந்த உச்சவரம்பு. தோற்றால் கட்டணம் இல்லை, ஆனால் மருத்துவப் பதிவு எடுக்கும் செலவைத் தனியாகக் கேட்கலாம். கையெழுத்துப் போடுமுன் அதை விசாரியுங்கள்.

மேசைவிளக்கு:

காத்திருப்பு பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். 2017ல் ஹியரிங் கோரிக்கைக்கும் தீர்ப்புக்கும் நடுவில் சராசரி 600 நாளைத் தாண்டியது. பத்து லட்சத்துக்கு மேல் வழக்குகள் தேங்கின. 2024 நிதியாண்டில் சராசரி சுமார் 11 மாதமாகக் குறைந்தது. ஆனால் நெரிசல் தீரவில்லை, முதல் கட்டத்துக்கு நகர்ந்திருக்கிறது. முன்பு மூன்று நான்கு மாதத்தில் வந்த முதல் முடிவுக்கு 2024ல் ஏழு எட்டு மாதம் ஆனது. எனவே ஹியரிங் காத்திருப்பு குறைந்த செய்தியை மட்டும் படித்துவிட்டு மொத்தக் காலமும் குறைந்துவிட்டதாக நினைக்காதீர்கள்.

அலுவலக வாரியாகக் காத்திருப்பு மாதங்களையும் அவர்கள் வெளியிடுகிறார்கள். அதிலும் ஒரு சிக்கல். தேக்கத்தைச் சமப்படுத்தக் கோப்புகளை வேறு அலுவலகத்துக்கோ, வீடியோவில் மட்டும் விசாரிக்கும் தேசிய மையத்துக்கோ மாற்றுவார்கள். நியூஜெர்சியில் இருப்பவரின் வழக்கை வேறு மாநில நீதிபதி கேட்கலாம். ஊர் அலுவலகத்தின் சராசரி அப்போது பொருந்தாது.

இப்போதெல்லாம் தொலைபேசியும் ஆன்லைன் வீடியோவும் வழக்கமான முறை. நேரில்தான் போக வேண்டும் என்றால், கோரிக்கை கிடைத்ததாக வரும் முதல் கடிதத்திலிருந்து 30 நாளுக்குள் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். அந்தக் கெடு அநேகமாக இவருக்குப் போயிருக்கும். தக்க காரணம் இருந்தால் மட்டும் எழுதிப் பார்க்கலாம்.

வரிசையை முந்த நேர்மையான வழிகள் சில உண்டு. உயிர்க்கொல்லி நோய், விரைவு ஒப்புதல் பட்டியலில் உள்ள நோய், முழு நிரந்தர இயலாமை என்று மதிப்பிடப்பட்ட முன்னாள் படைவீரர், தற்கொலை அபாயம், உணவோ மருந்தோ தங்குமிடமோ இல்லாத நிலை. கடைசிக் காரணத்துக்கு "கஷ்டமாக இருக்கிறது" என்று எழுதினால் போதாது. வீட்டைக் காலி செய்யச் சொன்ன நோட்டீஸ், மின்சாரத் துண்டிப்பு எச்சரிக்கை, மருந்து வாங்க முடியாததைக் குறித்த மருத்துவர் குறிப்பு, இவற்றை இணைக்க வேண்டும். இன்னொரு வழி, ஹியரிங் நடத்தாமலே கோப்பை வைத்துத் தீர்ப்பளிக்கக் கேட்பது. இரண்டு மூன்று பக்கத்தில், எந்தச் சான்று எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று சுட்டி எழுத வேண்டும். ஏற்கப்படாவிட்டால் நஷ்டமில்லை, ஹியரிங் அதன் தேதியில் நடக்கும்.

டல்லஸ்_செவிலி:

53 வயது, முதுகு, கிடங்கு வேலை. இந்த மூன்றையும் சேர்த்தால் வழக்கு ஒரே கேள்வியில் வந்து நிற்கும்: அவரால் செய்ய முடிவது இலகு வேலையா, உட்கார்ந்த வேலையா?

வயது, படிப்பு, பழைய வேலை, உடல்திறன் இவற்றைச் சேர்த்து முடிவு சொல்லும் அட்டவணை ஒன்று நிர்வாகத்திடம் இருக்கிறது, அதில் 50 முதல் 54 வரை ஒரு வயதுப் பிரிவு. திறன் தேவைப்படாத பழைய வேலை, அதற்குத் திரும்ப முடியாது, உட்கார்ந்த வேலை மட்டுமே முடியும் என்றால் பொதுவாக இயலாதவர் என்றே அட்டவணை சொல்லும். இலகு வேலை முடியும் என்று நீதிபதி எழுதினால் 55 வயது வரை அதே அட்டவணை எதிராகத் திரும்பும். இலகு வேலை என்றால் எட்டு மணி நேரத்தில் சுமார் ஆறு மணி நேரம் நிற்பது, நடப்பது. அவ்வப்போது 20 பவுண்டு, அடிக்கடி 10 பவுண்டு தூக்குவது. உட்கார்ந்த வேலையில் நிற்பது, நடப்பது சுமார் இரண்டு மணி நேரம், தூக்குவது 10 பவுண்டு வரை. மாநில அலுவலக மருத்துவர்கள் நோயாளியைப் பார்க்காமலே கோப்பை வைத்து "இலகு" என்று எழுதியிருப்பார்கள், மறுப்பு வந்ததற்கு அதுவே காரணமாக இருக்கும். கோப்பின் நகலைக் கேட்டு வாங்கி அந்தப் பக்கத்தைப் படியுங்கள்.

அதை முறியடிக்கச் சிகிச்சை தரும் மருத்துவரின் செயல்திறன் படிவம் வேண்டும். "நோயாளி வேலை செய்ய இயலாதவர்" என்ற ஒற்றை வரிக் கடிதத்துக்கு மதிப்பே கிடையாது, அந்த முடிவை எடுப்பது நிர்வாகத்தின் வேலை என்று ஒதுக்கிவிடுவார்கள். ஒரே நேரத்தில் எத்தனை நிமிடம் நிற்கலாம், உட்காரலாம், நாளுக்கு மொத்தம் எவ்வளவு, எத்தனை பவுண்டு, குனிய முடியுமா, எத்தனை முறை படுத்து ஓய்வெடுக்க வேண்டும், மாதத்தில் எத்தனை நாள் வேலைக்கு வரமுடியாமல் போகும். ஒவ்வொன்றுக்கும் எண்ணும், பக்கத்தில் காரணமும்: எம்ஆர்ஐயில் எந்த எலும்பு மட்டத்தில் நரம்பு அழுத்தம், காலை நேராகத் தூக்கும் பரிசோதனையில் என்ன தெரிந்தது, காலில் பலக்குறைவு உண்டா.

2017 மார்ச் 27 முதல் போட்ட விண்ணப்பங்களில் சிகிச்சை தரும் மருத்துவர் என்பதற்காகத் தனி எடை தருவதில்லை. அவர் கருத்துக்கு அவருடைய பரிசோதனைகளே ஆதாரமாக இருக்கின்றனவா, மற்றப் பதிவுகளோடு பொருந்துகிறதா என்றுதான் பார்ப்பார்கள். படிவத்தில் "15 நிமிடம்தான் நிற்கலாம்" என்று எழுதிவிட்டு, அதே மாதக் குறிப்பில் "நடை இயல்பு, நலமாக உள்ளார்" என்று கணினி தானாக நிரப்பிய வரி இருந்தால் படிவம் வீணாகும். இது மிக அடிக்கடி நடக்கிறது. நம்மவர்கள் மருத்துவர் "எப்படி இருக்கிறீர்கள்" என்றதும் மரியாதைக்கு "நல்லா இருக்கேன்" என்பார்கள், அது அப்படியே பதிவாகும். எத்தனை நிமிடத்தில் வலி கூடுகிறது என்பதைச் சொல்லப் பழக்குங்கள்.

கைத்தடி வைத்திருந்தால் அது ஏன் தேவை, எந்தச் சூழ்நிலையில் தேவை என்று மருத்துவர் பதிவு செய்திருக்க வேண்டும். கடையில் வாங்கிப் பிடித்துக்கொண்டு போனால் கணக்கில் வராது.

சான்றுகள் எல்லாம் ஹியரிங்குக்கு ஐந்து வேலை நாளுக்கு முன் போய்ச் சேர வேண்டும். மருத்துவமனை இன்னும் அனுப்பவில்லை என்றால், எந்த மருத்துவமனை, எந்தத் தேதிகள் என்று அதே கெடுவுக்குள் கடிதமாவது கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நீதிபதி சேர்க்க மறுக்கலாம். ஹியரிங் நோட்டீஸ் 75 நாளுக்கு முன்பே வருவதால் அவகாசம் இருக்கிறது, இன்றே கேட்கத் தொடங்குங்கள். சென்னையிலோ கோவையிலோ சிகிச்சை எடுத்திருந்தால் அந்தப் பதிவுகளை அரசு வரவழைக்கும் என்று காத்திருக்க வேண்டாம். உறவினர் மூலம் நேரில் வாங்கிவிடுங்கள்.

கோப்பறை:

செவிலி சொன்னதோடு ஆங்கிலம் பற்றிய கேள்வியையும் சேர்க்க வேண்டும். பழைய ஆலோசனைகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. 2020 ஏப்ரல் 27 வரை, இதே வயதில், இலகு வேலை முடியும் என்றாலும், ஆங்கிலத்தில் பேசிப் புரிந்துகொள்ள முடியாத திறன்சாராத் தொழிலாளியை அட்டவணை இயலாதவர் என்று சொல்லியது. அந்த விதியை நீக்கிவிட்டார்கள். இப்போது எழுத்தறிவின்மை மட்டும்தான் கணக்கு, அதுவும் எந்த மொழியிலும் எளிய செய்தியைப் படிக்கவோ எழுதவோ முடியாவிட்டால்தான். தமிழ் தினசரி படிப்பவருக்கு இது பொருந்தாது. ஆகவே ஆங்கிலத்தை வைத்து வாதாட வேண்டாம், அவரால் எவ்வளவு நேரம் நிற்க முடிகிறது என்பதை வைத்து வாதாடுங்கள்.

மொழிபெயர்ப்பாளர் வேறு விஷயம். தமிழ் மொழிபெயர்ப்பாளரை அவர்களே இலவசமாக ஏற்பாடு செய்வார்கள், நோட்டீஸோடு வரும் ஒப்புகைப் படிவத்தில் குறித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். ஹியரிங்குக்கு ஒரு வாரம் முன் போன் செய்து உறுதிப்படுத்துங்கள். வரவில்லை என்றால் சமாளிக்கிறேன் என்று அரைகுறை ஆங்கிலத்தில் பேசத் தொடங்க வேண்டாம், தேதி மாற்றக் கேளுங்கள். இலங்கைத் தமிழருக்குத் தமிழ்நாட்டு மொழிபெயர்ப்பாளர் பேச்சு புரியாவிட்டால் அதையும் பதிவில் சொல்லலாம். "முடியவில்லை" என்பதை "விருப்பமில்லை" என்று மாற்றிச் சொன்ன ஒரு வாக்கியம் தீர்ப்பில் வந்து உட்காரும்.

ராலே_மாணிக்கம்:

ஹியரிங் உள்ளே நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கிடையாது. நீதிபதி, மனுதாரர், அவருடைய பிரதிநிதி, எந்த வேலைக்கு என்ன திறன் தேவை என்று சாட்சி சொல்லும் தொழில் நிபுணர், சில வழக்குகளில் மருத்துவ நிபுணர்.

முடிவு தீர்மானமாவது தொழில் நிபுணரிடம் கேட்கும் கற்பனைக் கேள்விகளில். "இப்படி ஒருவர், இன்ன வரம்புகள், இவருக்கு வேலை உண்டா?" என்று நீதிபதி கேட்பார். நிபுணர் மூன்று வேலைப் பெயரும் நாடு முழுக்க உள்ள எண்ணிக்கையும் சொல்வார். அப்போது பிரதிநிதி வரம்புகளைக் கூட்டிக் கேட்க வேண்டும்: வேலை நேரத்தில் 15 சதவீதம் வேலையில் இல்லாமல் போனால்? மாதம் இரண்டு நாள் வராவிட்டால்? அரை மணிக்கு ஒருமுறை எழுந்து ஐந்து நிமிடம் நடந்தால்? முதல் இரண்டுக்கும் பெரும்பாலான நிபுணர்கள் வேலை இல்லை என்றே சொல்வார்கள். ஆனால் அந்த 15 சதவீதமும் இரண்டு நாளும் மருத்துவர் படிவத்தில் இருந்தால்தான் பதில் பயன்படும்.

வேலைப் பெயர்களையும் கவனியுங்கள். அவர்கள் பயன்படுத்தும் தொழில் அகராதி 1991க்குப் பின் திருத்தப்படவில்லை. உறை மேல் முகவரி எழுதுபவர், மைக்ரோஃபில்முக்குக் காகிதம் தயார் செய்பவர் போன்ற வேலைகளைச் சொல்லி மறுத்த தீர்ப்புகள் ஏராளம். 2024ல் நிர்வாகமே இப்படிப்பட்ட சில வேலைகளைக் கூடுதல் சான்று இல்லாமல் ஏற்கக் கூடாது என்று அறிவுறுத்தியது. அதே ஆண்டு ஜூன் 22 முதல், பழைய வேலை என்பது 15 ஆண்டுக்குப் பதிலாகக் கடந்த ஐந்து ஆண்டு வேலை மட்டுமே. எட்டு ஆண்டுக்கு முன் கடையில் கல்லாவில் உட்கார்ந்தார் என்று இனி இழுக்க முடியாது.

எடிசன்_வாசி:

எல்லோருக்கும் நன்றி. வாபஸ் இல்லை என்று அவர்களிடம் சொல்லிவிட்டேன். ஒன்று மட்டும்: அந்த நீதிபதி மறுத்துவிட்டால் அடுத்து வேறு ஒருவர் பார்ப்பாரா? அப்போதாவது புதிய விண்ணப்பம் போடலாமா?

கோப்பறை:

மறுப்பு வந்தால் 60 நாளுக்குள் அப்பீல்ஸ் கவுன்சில். கடிதம் வர ஐந்து நாள் சேர்த்துக்கொள்வார்கள், ஆனால் அந்த ஐந்தை நம்பி உட்கார வேண்டாம். அங்கே பெரும்பாலானவற்றைப் பரிசீலிக்கவே மறுப்பார்கள். அதன்பின் இன்னொரு 60 நாளுக்குள் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம். அங்கே திருப்பி அனுப்பப்படும் விகிதம் கணிசமானது. காரணம், நீதிமன்றம் பார்ப்பது தீர்ப்பில் விளக்கம் இருக்கிறதா என்பதை. மருத்துவர் படிவத்தை ஏன் ஒதுக்கினார் என்று நீதிபதி எழுதாமல் விட்டிருந்தால் அதுவே போதும். அதனால்தான் படிவம் கோப்பில் இருக்க வேண்டும் என்று செவிலி அழுத்திச் சொன்னார்.

முதல் முறை திருப்பி அனுப்பினால் வழக்கு பெரும்பாலும் அதே நீதிபதியிடமே போகும். இரண்டாம் முறையோ, கவுன்சில் தனியாக உத்தரவிட்டாலோதான் வேறு ஒருவர்.

அப்பீல்ஸ் கவுன்சிலில் வழக்கு இருக்கும்போது அதே வகைப் பலனுக்குப் புதிய விண்ணப்பம் பொதுவாக ஏற்கமாட்டார்கள், 2011 முதல் அப்படித்தான். அந்தக் கட்டம் வந்தால் இரண்டு தேதிகளைப் பாருங்கள். ஒன்று, வேலை பார்த்ததால் அவருக்கு எஸ்எஸ்டிஐயில் கிடைத்த காப்பீட்டுத் தகுதி முடியும் தேதி. தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு வேலை நின்றதிலிருந்து சுமார் ஐந்து ஆண்டில் முடியும், அதாவது 2027 இறுதிக்கும் 2028 தொடக்கத்துக்கும் நடுவில். சரியான தேதியை லோக்கல் அலுவலகத்தில் கேட்டு எழுதி வைக்கச் சொல்லுங்கள். மற்றது, அவருடைய 55வது பிறந்தநாள். அன்றிலிருந்து இலகு வேலை முடியும் என்றாலும் அட்டவணை அவர் பக்கம். தீர்ப்பு வரும் நாளில் 55க்குச் சில மாதம்தான் பாக்கி என்றால், எல்லைக்கு அருகிலுள்ள வயது என்று அடுத்த பிரிவில் வைத்துப் பார்க்கும்படி நீதிபதியிடம் எழுத்தில் கேட்கலாம். பொதுவாக ஆறு மாதத்துக்குள் இருந்தால் பரிசீலிப்பார்கள். பிறந்த தேதியை வழக்கறிஞரிடம் இப்போதே சொல்லி வைக்கச் சொல்லுங்கள். பாஸ்போர்ட்டில் ஒன்றும் பள்ளிச் சான்றிதழில் ஒன்றுமாக இருந்தால் அதையும் சேர்த்து.